தேக்கில் அறைந்த ஆணி

மரக் கப்பல் எத்தனை காலம் தாங்கும் என்று திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பம்பாயில் 1817-இல் கடலில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. திருகோணமலையின் பெயர்தான் அது.

அதைக் கட்டிய தளத்தின் கதை 1736-இல் தொடங்குகிறது. சூரத்தில் தச்சராக இருந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்ற பார்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய்க்கு அழைத்துவந்தது. 1750-இல் அங்கே உலர்துறை அமைந்தது. ஓதம் ஏறும்போது கப்பலை உள்ளே விடுவார்கள். வற்றும்போது நீர் வடிந்ததும் கதவை அடைத்து அடிப்புறத்தைச் செப்பனிடுவார்கள். பம்பாயில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் அதிகம் என்பதால் பாதி வேலையைக் கடலே செய்துகொடுத்தது. கம்பெனியின் போர்க்கப்பல்கள், சீனத்துக்குப் பருத்தி ஏற்றிப்போன வணிகக் கப்பல்கள், பிறகு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் என்று எல்லாமே அங்கே உருவாயின. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு தலைமைத் தச்சர் பதவி வாடியா குடும்பத்திலேயே இருந்தது.

என்னை வியக்கவைப்பது அந்தக் கப்பல்களின் ஆணிதான். ஐரோப்பியர் ஓக் மரத்தில் கப்பல் கட்டினார்கள், பம்பாயில் தேக்கில் கட்டினார்கள். ஓக்கின் துவர்ப்பு அமிலம் இரும்பைத் தின்னும். ஆணி இளைக்கும், அதைச் சுற்றிய மரமும் கெடும். என் பாட்டி கடுக்காயை இரும்புச் சட்டியில் ஊறவிடவே மாட்டார், நீர் மைபோலக் கறுத்துவிடும் என்பார். ஓக்கில் நடப்பதும் அந்த வினைதான். தேக்கின் எண்ணெயோ இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. கறையானும் தேக்கைச் சுலபத்தில் தொடாது. 1815-இல் பம்பாயில் கட்டிய ‘வெல்லெஸ்லி’ மூப்பால் சாகவில்லை. 1940-இல் தேம்ஸ் ஆற்றில் ஜெர்மன் விமானங்களின் குண்டுபட்டு மூழ்கியது.

அத்தனை தேக்கும் பெரும்பாலும் மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம். 1806-இல் காப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுக் காப்பாளராகக் கம்பெனி நியமித்தது. அவர் காத்தது காட்டை அல்ல, கப்பலுக்கு மரம் கிடைப்பதை. காட்டு உரிமையை இழந்த மலபார் மக்களும் மர வியாபாரிகளும் கொதித்தார்கள். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே ஒழித்தார். வெட்டிய இடத்தில் நடவேண்டும் என்ற எண்ணம் வர இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. மலபார் கலெக்டர் கானலியும் அவருக்குக் கீழிருந்த சாத்து மேனனும் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். விதை முளைக்காமல் தடுமாறி, வழி கண்டுபிடித்தவர் மேனன்தான். வாடியாக்களைப் படிக்கும் பிள்ளைகள் இவர் பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேக்கு பருக்க அறுபது, எண்பது ஆண்டு ஆகும். அவர் நட்ட கன்றுகள் அந்தப் பருமனை எட்டுவதற்குள் போர்க்கப்பல்கள் இரும்புக்கும் எஃகுக்கும் மாறிவிட்டன.