பட்டங்கள் சொல்லும் படை வரலாறு

படையின் வரலாற்றை எழுதப் புகுவோர் போர்களையே முதலிற் கூறுவர். தமிழாசிரியனாகிய நான் அதனைச் சொற்களின் வழியே நோக்க விழைகின்றேன். ஒரு படையிலே வழங்கும் பட்டங்களை ஆராய்ந்தால், அப்படை யாரைத் தன்னவராகக் கொண்டது என்பது ஓரளவு புலனாகும்.

பண்டைத் தமிழ் வேந்தர் சிறந்த படைத்தலைவனுக்கு 'ஏனாதி' என்னும் பட்டமும் மோதிரமும் அளித்தனர். சோழர் கல்வெட்டுக்களிலே சேனாபதி, தண்டநாயகம், படைமுதலி என்னும் பெயர்கள் பயில்கின்றன. யாழ்ப்பாணத்தவராகிய நாம் மரியாதையோடு வழங்கும் 'முதலியார்' என்ற பட்டத்துக்கும் படைத்தொடர்பு உண்டு. போர்த்துக்கேயர் காலத்திலே லஸ்கரின்கள் எனப்பட்ட சுதேசப் போர்வீரரை நடத்தியோருள் முதலியாரும் ஆராச்சியும் அடங்குவர். ஆங்கிலேயர் ஆட்சியிலே அவர் கைவாள் நழுவிற்று. பட்டம் மட்டும் எஞ்சிற்று.

ஆங்கிலேயர் 1881இல் தொண்டர் படையொன்றை அமைத்தனர். 1910இல் அது இலங்கைப் பாதுகாப்புப் படையாயிற்று. சுதந்திர இலங்கையின் இராணுவம் 1949 அக்டோபர் 10ஆம் நாள் உதயமாயிற்று. முதலிரு தளபதிகளும் பிரித்தானியரே. 1955 பெப்ரவரியிலே அப்பொறுப்பை ஏற்ற முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தையும் 1958ஆம் ஆண்டின் கலவரத்தையும் கண்ட காலம் முழுவதும் அவரே தளபதி. அவருக்குப் பின் இன்றுவரை வேறொரு தமிழர் அவ்விடத்துக்கு வரவில்லை. 1962 சனவரியிலே ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்று படையதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் கைதாயினர். அதன்பின் உயர்பதவிகளிலே சிறுபான்மையினர் மேலும் அருகினர்.

படை பெருகப் பெருகத் தலைமைப் பட்டமும் உயர்ந்தது. பட்டாலியனை லெப்டினன்ட் கேணலும், பல பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேட்டைப் பிரிகேடியரும், பிரிகேட்டுகள் சேர்ந்த டிவிஷனை மேஜர் ஜெனரலும் நடத்துவது மரபு. சிறுபடையாயிருந்த தொடக்கத்திலே பிரிகேடியர் ஒருவரே தளபதியாக அமைந்தார். உள்நாட்டுப் போர் டிவிஷன்கள் பலவற்றைத் தோற்றுவித்தது. தளபதி பதவியும் லெப்டினன்ட் ஜெனரல் தரத்துக்கு ஏறிற்று. 2009 மே மாதத்திலே சரத் பொன்சேகா, தளபதியாயிருக்கும்போதே ஜெனரலான முதல்வரானார். 2015இல் பீல்ட் மார்ஷலும் ஆனார். இவ்வுயர்ச்சியின் விலையைக் குடாநாட்டு மக்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

படையணிகளின் பெயர்களை நோக்குவோம். 1956இல் சிங்கப் படையணி, 1962இல் கெமுனு, 1983இல் கஜபா, 1987இல் விஜயபாகு எனப் பெயர்கள் தொடர்ந்தன. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயரைத் தாங்கிய அணியிலே எம் இளைஞன் ஒருவன் எந்த மனத்தோடு சேர்வான்? வென்றவனே எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி, அதற்கு வணக்கம் செலுத்தக் கட்டளையிட்டான் என்று மகாவம்சம் கூறுகின்றது. அப்பண்பை நினைவூட்டும் பெயர் எதனையும் நான் அந்த வரிசையிற் காணவில்லை.

விஜயபாகுவின் பெயரும் நம்மைச் சிந்திக்கத் தூண்டுவது. சோழரைத் துரத்திய அம்மன்னனிடமே வேளைக்காரர் என்னும் தென்னிந்தியப் படையினர் பணிபுரிந்தனர். சோழர்மேற் படையெடுக்க ஏவியபோது அவர்கள் கிளர்ந்தெழுந்ததும் உண்மை. ஆயினும், அவன் ஆணையால் எழுந்த பொலன்னறுவைத் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே கல்லில் உறுதி பொறித்தவர்களும் அவர்களே. உயிர் போயினும் காப்போம் என்னும் பொருள்பட அமைந்த அந்த உறுதிமொழி தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. பௌத்தரின் உயர்ந்த திருச்சின்னத்துக்குத் தமிழ் பேசியோர் காவல்!

தேசியம் என்பது ஒரு படைக்குச் சட்டம் சூட்டும் அடைமொழி மட்டுமன்று. நாட்டின் எந்த மூலையிற் பிறந்தவனும் அதன் பட்டங்களிலே தன் வருங்காலத்தையும், அதன் பெயர்களிலே தன் முன்னோரையும் காண இயலவேண்டும். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பொலன்னறுவைக் கல்லுக்கு இயன்றது இன்றைய ஏட்டுக்கு இயலாதா? மாணவர்கள் வரலாற்று நூலோடு அக்கல்வெட்டையும் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.