சலுகை என்னும் வலை

‘உங்கள் டிஷ் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, இன்றே செலுத்துங்கள்’ என நிறுவனத்தின் பெயரால் மோசடி அழைப்பு வருகிறது. 2022இல் ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்ற போலிக் குறுஞ்செய்தி தமிழகத்தில் பரவியது. ஒன்று ஆசையைக் கிளறுகிறது, மற்றொன்று அச்சத்தை. சிந்திக்க விடாமல் அவசரப்படுத்துவதே இரண்டின் நோக்கமும். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து வளைகுடா சென்று உழைப்போர் வீட்டுக்கு அனுப்பும் பணம் இவ்வாறு ஒரு நொடியில் பறிபோகலாம்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எனவே அழைப்பைத் துண்டித்துவிட்டு, வழக்கமாக ரீசார்ஜ் செய்யும் கடையில் கேளுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ இரகசிய எண் தேவையில்லை, செலுத்துவதற்கே தேவை. அவர்கள் சொல்லும் செயலியை நிறுவாதீர்கள். அது கைபேசித் திரையை அவர்களுக்குக் காட்டிவிடும். ஏமாந்தவர் மறைக்காமல் உடனே 1930 எண்ணில் புகார் செய்யட்டும். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவனே!