டபுள் என்ட்ரி கோயில்!

சர்ச் என்றால் நம்மாட்களுக்கு வேளாங்கண்ணி. விட்டால் சாந்தோம். ஆனால் சார், டவுன் பஸ் மட்டுமே போகிற கிராமங்களில் பழைய பங்குக் கோயில்கள் இருக்கின்றனவே, அதுவும் பார்க்க வேண்டிய சமாச்சாரம்! மணப்பாட்டில் கடலோர மணல்குன்றின் மேல் 1581-லிருந்து ஒரு திருச்சிலுவைக் கோயில். மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில் 1894-ல் கட்டிய கோதிக் கோயில்... பிரான்சிலிருந்து அலேக்காகத் தூக்கி வந்து கிராமத்தில் வைத்த மாதிரி இருக்கும்.

என் ஓட்டு வடக்கன்குளத்துக்குத்தான். அழகுக்காக அல்ல.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடி. பணகுடி, காவல்கிணறு பக்கம். இங்கே உள்ள திருக்குடும்பக் கோயிலின் பிளான் புரிய வேண்டுமானால் உங்கள் பேன்ட்டைத் தரையில் விரித்துப் போடுங்கள். இடுப்பு இருக்கிற இடத்தில் பலிபீடம். இரண்டு கால்களும் இரண்டு மண்டபங்கள். 1872-ல் கட்டியபோது ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. நடுவே சுவர். பூசை வைக்கிற சாமியாரை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருத்தரை ஒருத்தர்தான் பார்க்க முடியாது! பி.காம்.மில் டபுள் என்ட்ரி படித்திருக்கிறேன். கோயிலுக்கே டபுள் என்ட்ரி போட்டது இங்கேதான்.

சிரித்தாச்சா? இப்போது கொஞ்சம் யோசியுங்கள். ஒரே சாமி, ஒரே ஜெபம். அதற்கு ஒரு இன்ஜினீயர் மூளையைக் கசக்கிப் படம் போட்டு, கொத்தனார் கல் அடுக்கி, சண்டை வராமல் இருக்க இத்தனை செலவு! சாதி கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். இங்கே கல்லும் சுண்ணாம்புமாகவே தெரிந்தது.

1910-ல் சுவரை இடித்தார்கள். சும்மா விடுவார்களா? எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வழக்கு, சென்னை ஐகோர்ட் வரை போனது. சாதியைக் காட்டிக் கோயிலில் தனி இடம் கேட்கிற உரிமை கிடையாது என்று ஆகிவிட்டது.

இன்னொரு சங்கதி. இந்தக் கட்டடம் எழுவதற்கு ரொம்ப முன்னாலேயே, 1745-ல், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்டன் இதே ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் சொல்லித்தான் அவருக்கு வேதம் தெரிந்தது. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'தேவசகாயம்' மட்டும்தான். வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் அதற்கு முன்பே வெட்டிவிட்டது.

போகிறவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து பஸ் உண்டு. ஞாயிறு காலை பூசை நேரத்தில் கேமராவும் கையுமாக நுழையாதீர்கள், அது மியூசியம் அல்ல. மத்தியானம் கதவு பூட்டியிருந்தால் கோயில்பிள்ளையைத் தேடுங்கள். (பயப்படாதீர்கள், இந்தப் 'பிள்ளை' சாதி அல்ல, உத்தியோகம்!) பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினால் இருட்டுவதற்குள் காற்றாடிமலையையும் பார்த்துவிடலாம்.