தந்தத்தின் சோடியைத் தேடி

இவ்வளவு தொன் யானைத்தந்தம் பிடிபட்டது என்று செய்தியில் கேட்கிறோம். அது எந்தக் காட்டு யானையினுடையது, அந்த யானை எப்போது செத்தது என்பதை எப்படி அறிகிறார்கள்?

2002 ஜூனில் சிங்கப்பூரில் ஒரே கொள்கலனில் ஆறரைத் தொன் தந்தம் பிடிபட்டது. அது புறப்பட்ட நாடு மலாவி. ஆனால் பத்திரத்தில் உள்ள ஊர்தான் சரக்கின் ஊர் என்று நம்பலாமா? கணக்கு வேலை செய்தவர்கள் நம்பமாட்டார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர் குழுவினர் ஆபிரிக்காவின் பல பகுதிகளில் யானைச் சாணம் சேகரித்தார்கள். சிரிக்க வேண்டாம். சாணத்தோடு குடலின் உயிரணுக்களும் வெளிவருகின்றன, அவற்றில் மரபணு இருக்கிறது. எந்தப் பகுதி யானைக்கு எந்த மரபணு அமைப்பு என்று இதிலிருந்து ஒரு வரைபடம் தயாரானது. தந்தத்தில் சிறு துண்டு வெட்டி, உறையவைத்துத் தூளாக்கி, மரபணுவை எடுத்து அதனோடு ஒப்பிட வேண்டும். சிங்கப்பூர்த் தந்தம் காட்டியது மலாவியை அல்ல, பெரும்பாலும் சாம்பியாவை.

எனக்கு அதிகம் பிடித்தது அடுத்த கட்டம். யானைக்கு இரண்டு தந்தம். ஒரு சரக்கில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றது எங்கே? பற்று இருந்து வரவு இல்லாத பதிவைத் தேடுவதுபோல அவர்கள் தேடினார்கள். சோடி வேறொரு கொள்கலனில் கிடைத்தது. இரண்டு கொள்கலன்களும் பெரும்பாலும் ஒரே துறைமுகத்திலிருந்து, சில மாத இடைவெளியில் புறப்பட்டவை. அப்படியானால் அனுப்பியவர்களும் ஒரே கூட்டம்தானே! 2018இல் வெளியான இந்த ஆய்வு மொம்பாசா, என்டபே, லோமே ஆகிய இடங்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கும்பல்களைச் சுட்டியது. 2022இல் தாய், பிள்ளை, சகோதர யானைகளின் தந்தங்களையும் இப்படி இணைத்தார்கள். ஒரு சரக்குக்கு மட்டும் வழக்குப் போட்டால் சிறிய குற்றமாகத் தெரிவது, பல சரக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரிய வலையமைப்பாகத் தெரியும்.

"இது 1989 தடைக்கு முந்திய பழைய கையிருப்பு" என்பது வியாபாரிகள் சொல்லும் சாட்டு. அதற்கும் பதில் உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடி, பிறகு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. தந்தத்தின் அடிப்பகுதியில் கடைசியாக வளர்ந்த படலத்தில் அதை அளந்தால் யானை செத்த காலம் தெரியும். 2002 முதல் 2014 வரை பிடிபட்ட 14 சரக்குகளை 2016இல் இப்படிப் பார்த்தபோது, பெரும்பாலான யானைகள் தந்தம் பிடிபடுவதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் செத்தவை.

500 கிலோவும் அதற்கு மேலும் பிடிபட்டால் 90 நாளுக்குள் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும்படி, வனவிலங்கு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகளின் கூட்டம் 2013இல் கேட்டுக்கொண்டது. எல்லா நாடுகளும் அப்படி அனுப்புவதில்லை. மாதிரி வராத சரக்கில் கிடக்கும் சோடியை எந்த ஆய்வுகூடத்தாலும் தேட முடியாது.