செம்பு ஏறுவது யாருக்கு?

"கர்ப்பப்பைக்குள்ள செம்புக் கம்பிய வெச்சா, உடம்பெல்லாம் செம்பு ஊறிடாதா டாக்டர்?"

காப்பர் டி என்றதும் எழுகிற கேள்வி. அசட்டுத்தனமான கேள்வி இல்லை. 'காப்பர் டி 380ஏ'யில் உள்ள 380 என்பதே செம்பின் பரப்பளவுதான், சதுர மில்லிமீட்டரில். ஆனால் அதிலிருந்து ஒரு நாளில் கரைவது சில பத்து மைக்ரோகிராம். பருப்பு, தானியம், கொட்டை என்று நாம் தினமும் சாப்பிடுவதிலேயே ஒரு மில்லிகிராமையொட்டி செம்பு உள்ளே போகிறது. கரைகிற செம்பு கர்ப்பப்பைக்குள்ளேயே விந்தணுக்களை முடக்கிவிடுகிறது. ரத்தத்தில் அளவு பெரிதாக மாறுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், செம்பே இல்லாத கருத்தடை மாத்திரைதான் ரத்தத்தில் செம்பை ஏற்றுகிறது! மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. ரத்தத்திலுள்ள செம்பில் பெரும்பகுதி இந்தப் புரதத்தோடுதான் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இதே காரணத்தால் செம்பு கூடும். இது நஞ்சு ஏறுவதல்ல. மாத்திரையை நிறுத்தினால் அளவு இறங்கிவிடும்.

சிக்கல் லேப் ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான். கல்லீரலிலும் மூளையிலும் செம்பு தேங்கும் வில்சன் நோயில் செருலோபிளாஸ்மின் குறைந்திருப்பது முக்கியமான துப்பு. மாத்திரை அந்த அளவை உயர்த்தி, துப்பை மறைத்துவிடலாம். எனவே ரத்தம் கொடுக்கும்போதே மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். வில்சன் நோய் உள்ளவர்களுக்குக் காப்பர் டி வேண்டாம் என்பது தனி விஷயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது செம்பைப் பற்றியல்ல, இரும்பைப் பற்றி. காப்பர் டி வைத்த பல பெண்களுக்கு, அதிலும் முதல் சில மாதங்களில், மாதவிடாய்ப் போக்கு கூடும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 20 மில்லி கூடுதலாகப் போனால் 10 மில்லிகிராம் இரும்பு நஷ்டம். குடலோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பு, அதாவது ஃபெரிட்டின், கரைந்திருக்கும்.

மாத்திரை இதற்கு நேர்மாறு; போக்கைக் குறைக்கும். அரசு தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன், வேறு நிறத்தில் இருக்கும் மீதி ஏழும் இரும்புச் சத்து. நாள் தவறாமல் விழுங்கும் பழக்கம் விட்டுப்போகாமலிருக்கவும் அந்த ஏழு உதவுகிறது. ஆக, ரத்தம் குறைவாகப் போகிறவளுக்கு இரும்பு அட்டையிலேயே வந்துவிடுகிறது. காப்பர் டி வைத்தவள்தான் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.