படம் முடிந்த இடத்தில்

பொட்டிப்புரம் டீக்கடை பெஞ்சில் அம்பரப்பர் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அக்கா மகன் செல்போனில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ பார்த்து முடித்திருந்தான். 2014இல் வந்த படம், இசை ஏ.ஆர்.ரகுமான்.

“மாமா, ரிங்கு சிங் அமெரிக்கா டீம்ல சேந்துட்டாரு. அப்புறம்?”

“அதுக்கப்புறம்தான் மாப்ள பாடே.”

கொல்கத்தாவுக்கு ஆடும் ரிங்கு சிங் இல்லை, இவர் வேறு. உத்தரப் பிரதேசம் பதோகி மாவட்டத்து லாரி டிரைவர் மகன். ஈட்டி எறிந்தவர். கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிந்தால் நோபால். பேஸ்பாலில் அப்படி எறிவதுதான் வேலையே. தூரம் அறுபதரை அடி, நம் பிட்சைவிட ஐந்தரை அடி குறைவு. ஈட்டிக்குப் பழகிய தோள் அதற்குத் தோது. படத்தில் வரும் அந்த 2008 பந்தெறியும் போட்டியில் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். அதே வருஷம் நவம்பரில் அவரையும், அதே போட்டியில் எறிந்த தினேஷ் படேலையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது.

“அப்ப டிவில வர்ற மேட்ச்ல ஆடுனாரா?”

இல்லை. பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே கிளை அணிகள் உண்டு. தொடக்க நிலை, ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறிய பிறகுதான் மேஜர் லீக். ரிங்கு 2009இல் ஃபுளோரிடாவில் அடிப்படியில் நின்றார். அங்கே ஆட்டத்தின் வெற்றியைப் பந்தெறியும் பிட்சர் ஒருவர் பெயரில் எழுதுவார்கள். அந்த ஜூலையில் இவர் பெயரில் ஒன்று எழுதினார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியருக்கு அதுதான் முதல் வெற்றி.

தினேஷை 2010 முடிவில் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு விடவில்லை. 2011இல் டொமினிக்கன் குடியரசு, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, பிறகு ஆஸ்திரேலியாவில் கான்பெரா. ஒரே வருஷத்தில் இத்தனை ஊர், அத்தனையும் அந்நிய மண். 2012இல் மேற்கு வர்ஜீனியா பவர் அணிக்கு 39 ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி மூன்று ரன்தான் கொடுத்தார். ‘ஏ’ நிலையில் அது அருமையான கணக்கு. எனக்கு அந்த வருஷத்தைத்தான் படமாக எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

அதன்பின் முழங்கை போனது. தசைநார் அறுவை சிகிச்சை. டபுள் ஏ படியை மிதிக்கவில்லை. 2018இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்தில் சேர்ந்தார்.

மாப்பிள்ளை ஆறிப்போன டீயைக் குடித்தான். தன் வலது முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே, “கான்பெரா எங்க இருக்கு மாமா?” என்றான்.