ட்ரோன் பறக்குமுன் இடத்தைப் பார்ப்போம்

நமது சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விஷயம் பேசப்பட்டு வருகிறது. ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியைச் சங்கத்தின் பேரில் வாங்கலாமா, அல்லது வாடகைக்கு அமர்த்தலாமா என்பதே அது. விவசாய அங்கத்தினர்கள் பயிருக்கு மருந்து தெளிப்பதற்கு அதனை விரும்புகின்றனர். நெசவாளர் சங்கத்தினரோ, பண்டிகைக் கால விற்பனைக் கண்காட்சியை மேலிருந்து படமெடுத்து விளம்பரம் செய்ய அதனை நாடுகின்றனர். இரண்டும் நியாயமான விருப்பங்களே. ஆயின், இயந்திரத்தின் விலையையும் வாடகையையும் விசாரிக்கும் அளவுக்கு, அது பறக்கப்போகும் இடத்தைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை. சென்னை மாநகரையும் அதனைச் சூழ்ந்த செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களையும் பொறுத்தவரை, இடத்தைப் பற்றிய கேள்வியே முதற் கேள்வியாகும். அங்கத்தினரின் பங்குப் பணம் பலன் தருமா, முடங்கிக் கிடக்குமா என்பது அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

வானத்திற்கும் வரப்பு உண்டு

நிலத்திற்கு வரப்பு இருப்பதுபோல் வானத்திற்கும் இப்பொழுது வரப்பு வகுக்கப்பட்டுள்ளது. மத்திய அரசு 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடு முழுவதற்குமான வான்வெளி வரைபடம் 'டிஜிட்டல் ஸ்கை' என்னும் இணையத்தளத்தில் வெளிவந்தது. அதனை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவ்வரைபடம் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கிறது. பச்சைப் பகுதியில் பறக்கவிட முன் அனுமதி வேண்டுவதில்லை. மஞ்சள் பகுதியில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடவே கூடாது.

பச்சைப் பகுதி என்பதும் உயரத்திற்கு உட்பட்டதே. பொதுவாகத் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரையில்தான் அது பச்சை. அதற்கு மேல் மஞ்சளாகிவிடுகிறது. விமான நிலையத்தை நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகுகிறது. நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரையே பச்சை. 5 முதல் 8 கிலோமீட்டர் வரையுள்ள பகுதி தரையிலிருந்தே மஞ்சள். சென்னை விமான நிலையம் போன்ற பெரிய நிலையங்களை ஒட்டிய 5 கிலோமீட்டர் சிவப்பு.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மூன்று அங்கத்தினருக்கு ஒரே அளவு நெல் வயல் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருடைய வயல் சென்னை விமான நிலைய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டரிலும், மற்றொருவருடையது 6 கிலோமீட்டரிலும், மூன்றாமவருடையது 4 கிலோமீட்டரிலும் உள்ளன. மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேல் சில அடி உயரத்திலேயே பறப்பது. ஆகவே முதலாமவர், வேறு தடை இல்லையெனில், அனுமதியின்றித் தெளிக்கலாம். இரண்டாமவர் எவ்வளவு தாழ்வாகப் பறக்கவிட்டாலும் அனுமதி பெற்றே ஆகவேண்டும். மூன்றாமவர் மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். பயிரில் விழுந்த பூச்சியோ அதுவரை காத்திராது. ஒரே சங்கம், ஒரே இயந்திரம், ஒரே பயிர்; ஆயினும் மூவருக்கும் கிடைக்கும் பயன் ஒன்றன்று.

மீனம்பாக்கத்தை மட்டும் கணக்கிற் கொண்டால் போதாது. தாம்பரத்தில் விமானப்படைத் தளமும், அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் விமானத் தளமும் இயங்குகின்றன. கடற்கரையோரம் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையமும், வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி ஏவுதளமும் உள்ளன. இவற்றின் அண்மையில் நிலம் உடையோர் வரைபடத்தைப் பாராமல் எந்த முடிவும் செய்தலாகாது.

கடற்கரை வெட்டவெளியன்று

கடற்கரையில் மரமும் இல்லை, மாடியும் இல்லை, ஆகவே அங்கே பறக்கவிட யார் தடை சொல்வர் என்று நினைப்போர் உண்டு. இந்நினைப்பு தவறு. மெரினாவின் வடபுறத்தே தலைமைச் செயலகம் அமைந்த புனித ஜார்ஜ் கோட்டையும் கடற்படை நிலையமும் இருக்கின்றன. கண்ணுக்கு வெட்டவெளியாகத் தோன்றுவது சட்டத்திற்கு வெட்டவெளியன்று.

மேலும், நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகலாம். அவசியம் நேரும்போது, காவல்துறைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி ஒருவர், குறிப்பிட்ட ஓர் இடத்தை 96 மணி நேரத்துக்கு மிகாமல் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதிகள் இடம் தருகின்றன. பெருந்தலைவர்கள் நகருக்கு வரும் நாட்களில் காவல்துறை தடையுத்தரவு வெளியிடுவதும் வழக்கம். கண்காட்சித் திறப்பு விழாவுக்கு முக்கியஸ்தர் ஒருவரை அழைத்துவிட்டு, அதே நாளில் படமெடுக்க ட்ரோனுக்கு முன்பணமும் கொடுத்த சங்கம் இதனால் இடர்ப்படக்கூடும். ஆதலின் முதல் நாள் வரைபடத்தைப் பார்ப்பதோடு அமையாது, பறக்கவிடும் நாளன்றும் பார்த்தல் வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்து விசாரிப்பதும் நலம்.

இயந்திரமும் இயக்குபவரும்

பச்சைப் பகுதியில் அனுமதி வேண்டாம் என்பதால் வேறொன்றுமே வேண்டாம் என்று கொள்ளலாகாது. ட்ரோன்கள் எடையால் வகைப்படுத்தப்பட்டுள்ளன. 250 கிராம் வரை மீச்சிறியவை. அதற்கு மேல் 2 கிலோ வரை நுண்ணியவை. 2 முதல் 25 கிலோ வரை சிறியவை. படமெடுப்பவை பெரும்பாலும் முதல் இரு வகையிலும், மருந்து தெளிப்பவை பெரும்பாலும் மூன்றாம் வகையிலும் அடங்கும்.

தெளிப்பு ட்ரோனுக்குத் தரச் சான்றும் தனிப் பதிவு எண்ணும் இருத்தல் வேண்டும். அதனை இயக்குபவர் 18 வயது நிரம்பியவராய், பத்தாம் வகுப்புத் தேறியவராய், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று சான்றிதழ் பெற்றவராய் இருத்தல் வேண்டும். அச்சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். முன்னர் இதற்குப் பாஸ்போர்ட் கேட்கப்பட்டது. கிராமத்து இளைஞர் பலருக்கு அது தடையாய் இருந்தமையால், 2023-இல் விதி திருத்தப்பட்டு, வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை போன்றவையே போதும் என்றாயிற்று. நம் அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

2 கிலோ வரையுள்ள ட்ரோனை வியாபார நோக்கமின்றி இயக்குவோருக்குச் சான்றிதழ் வேண்டாம் என 2022-இல் சலுகை தரப்பட்டது. ஆனால் கூலி பெற்றுக்கொண்டு நுண்ணிய வகை ட்ரோனால் படமெடுப்பவருக்கு இச்சலுகை இல்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்குப் பிறருக்கு நேரும் நஷ்டத்தை ஈடுசெய்யும் காப்பீடும் அவசியம். 2021 விதிகளை மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

காற்றும் அண்டை வயலும்

பூச்சி மருந்தை ட்ரோனால் தெளிப்பதற்கு மத்திய வேளாண்மை அமைச்சகம் 2021 டிசம்பரில் தனி நடைமுறை வகுத்தது. வானிலிருந்து மருந்து தெளிப்பதானால் 24 மணி நேரம் முன்னதாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உள்ளது. இவ்விதியைச் சுமையெனக் கருதுவோர் கடற்காற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்து உள்நாடு நோக்கி வீசுகிறது. அவ்வேளையில் தெளித்த மருந்து நம் வயலில் நில்லாமல் அண்டை வயலுக்குச் செல்லும். அங்கே மல்பெரி இருந்து, அந்த இலையைத் தின்ற பட்டுப்புழுக்கள் மாண்டால், அந்த நஷ்டத்துக்கு விடை சொல்வது யார்? இறால் குட்டை வைத்திருப்போர் நிலையும் இதுவே. காற்று அடங்கிய காலை வேளையில், அண்டையாருக்கு அறிவித்துவிட்டுத் தெளிப்பதே முறை.

சங்கம் செய்யவேண்டுவது

ட்ரோனின் விலை சில லட்ச ரூபாய். தனி விவசாயிக்கு அது எட்டாதது, சங்கத்திற்கு எட்டக்கூடியது. 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, வாடகை நிலையம் நடத்தும் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடிப்படை விலையில் 40 சதவீதம், ரூ.4 லட்சத்துக்கு மிகாமல், மானியம் வகுக்கப்பட்டது. நடப்பாண்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காக வாங்குதல் கூடாது. நிர்வாகக் குழு முதலில் அங்கத்தினர் நிலங்களின் பட்டியலைச் சர்வே எண்ணுடன் எடுத்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்துப் பார்க்கட்டும். பெரும்பகுதி பச்சையில் இருந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மஞ்சளும் சிவப்பும் மிகுதியாயின், வேண்டும்போது வாடகைக்கு அமர்த்துவதே உசிதம். வாடகைக்கு அமர்த்தும்போது பதிவு எண், இயக்குபவரின் சான்றிதழ், காப்பீடு ஆகிய மூன்றின் நகலையும் பெற்றுச் சங்கக் கோப்பில் வைக்க வேண்டும். தடையுத்தரவு வந்தால் முன்பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தைப் பார்ப்பதற்கு அரை நாள் செலவாகலாம். அதைச் செய்யாமல் வாங்கிய இயந்திரம் சங்கக் கிடங்கில் தூசி படிந்து கிடக்குமானால், அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்கும் அங்கே கிடக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் ட்ரோனைப் பற்றிய தீர்மானம் வரும்போது, விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன் வரைபடத்தைக் கேட்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.